ரெண்டு மூணு பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டரை ஒப்பிட்டுப் பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்குறது எப்படி – முழு வழிகாட்டி

பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டர் வாங்கணும்னு கிளம்புற எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி, "ஒலிவெட்டி நல்லதா, ஒலிம்பியா நல்லதா, ஹெர்மஸ் நல்லதா?" இதுக்கு யாரு என்ன பதில் சொன்னாலும் உங்களுக்கு உபயோகப்படாது. ஏன்னா உங்க முன்னாடி இருக்கிறது அம்பது அறுபது வருஷம் ஆன ஒரு குறிப்பிட்ட மெஷின், அதுக்குள்ள காஞ்சுபோன எண்ணெயும் ரப்பர் பொடியும் கல்லு மாதிரி ஆன ரோலரும் இருக்கு, அதை அடிச்சுப் பார்த்துட்டு "ஒலிவெட்டி லெட்டெரா 32 கீ ரொம்ப ஹார்டு"ன்னு முடிவு பண்ணிட்டா அது அந்த மாடலைப் பத்தின முடிவே இல்ல, அந்த அழுக்கைப் பத்தின முடிவு.

அதனால ஒப்பிடுறதுல பெரிய வேலை, மெஷின் எல்லாத்தையும் ஒரே நிலைமைக்குக் கொண்டு வர்றதுதான். அது முடிஞ்ச பிறகுதான் மாடல், கை உணர்வு, விலை எல்லாம். கீழ இருக்கிற வரிசையை மாத்தாதீங்க, ஒவ்வொரு படியும் அடுத்ததுக்குத் தேவைப்படும்.

1. எதுக்கு வாங்குறீங்கன்னு ஒரு வரியில எழுதி வைங்க

பையில போட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போகவா, மேஜையில நிரந்தரமா வச்சு தினமும் ரெண்டு பக்கம் அடிக்கவா, லெட்டரும் கவரும் மட்டும் அடிக்கவா, இல்ல ஷெல்ஃப்ல அழகா வைக்கவா. மெஷினைப் பார்க்குறதுக்கு முன்னாடியே எழுதிடணும். பார்த்த பிறகு எழுதுனா கலர் பிடிச்ச மெஷினுக்கு ஏத்த மாதிரி காரணம் தானா வந்துடும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன்.

எடை விஷயம் இங்கேயே முடிவாகிடும். லெட்டெரா 22, ஹெர்மஸ் பேபி மாதிரி மெஷின் எல்லாம் நாலு கிலோ சுமார். ஒலிம்பியா எஸ்எம்9, ஹெர்மஸ் 3000 இதெல்லாம் பெட்டியோட தூக்குனா கை இழுக்கும். பேரு போர்ட்டபிள்தான், ஆனா பஸ்ல கொண்டு போற பொருள் கிடையாது.

2. கையில இருக்க வேண்டியது

- ஒரே கட்டுல இருந்து எடுத்த ஏ4 பேப்பர், ஒரு இருபது தாள்
- புது ரிப்பன் ஒண்ணு, அரை இன்ச் அகலம், சாதாரண பருத்தி ரிப்பனோ நைலான் ரிப்பனோ போதும்
- டார்ச், இன்ச் ஸ்கேல், பழைய டூத் பிரஷ், பெயிண்ட் அடிக்கிற மெல்லிசு பிரஷ், பழைய பனியன் துணி
- பெயிண்ட் கடையில கிடைக்கிற மினரல் டர்பென்டைன் கொஞ்சம்
- அடியில விரிக்க தடிமனான துண்டு இல்லேன்னா ஃபெல்ட்
- ஃபோன் கேமரா

ஸ்க்ரூ டிரைவர் லிஸ்ட்ல இல்லைன்னு கவனிச்சிருப்பீங்க, வேணும்னேதான் விட்டேன். கையில இருந்தா திருகத் தோணும். இந்த மெஷின்ல இருக்கிற பாதி ஸ்க்ரூ அளவு சரி பண்றதுக்காக வச்சது, அதை ஒரு சுத்து திருப்பிட்டா பெரிய எழுத்து ஒரு மட்டத்துலயும் சின்ன எழுத்து இன்னொரு மட்டத்துலயும் நிக்கும்.

ரிப்பன் ஏன் புதுசா ஒண்ணே ஒண்ணு வேணும்? ஒரே ரிப்பனை மெஷின் மெஷினா மாத்திப் போட்டு அடிச்சாத்தான் எந்த மெஷின் எழுத்து தெளிவுன்னு தெரியும். காஞ்ச ரிப்பன் போட்ட ஒலிம்பியாவையும் புது ரிப்பன் போட்ட ஒலிவெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டா ஜெயிக்கிறது ரிப்பன்தான்.

3. தூக்குறதுக்கு முன்னாடி லாக்கைப் பாருங்க

போர்ட்டபிள்ல கேரேஜ் லாக்னு ஒண்ணு இருக்கும். கேரேஜ்னா ரோலரும் பேப்பரும் உட்கார்ந்து, அடிக்க அடிக்க நகர்ற மேல் பாகம். பெட்டிக்குள்ள போகும்போது கேரேஜ் இடமும் வலமும் ஓடாம நிக்கிறதுக்காக. புதுசா பார்க்குறவங்க பண்ற முதல் தப்பு இதுலதான், மூடியைத் திறந்ததும் கேரேஜைத் தள்ளுவாங்க, நகராது, இன்னும் பலமா தள்ளுவாங்க. உள்ள இருக்கிற மெல்லிசு தகடு வளைஞ்சிடும்.

நகரலைன்னா கையை எடுத்துடுங்க. கேரேஜோட ரெண்டு ஓரம், அடிப்பக்கம், நடுவுல டார்ச் அடிச்சு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கான்னு பாருங்க. லாக் எடுத்த பிறகும் நகரலைன்னா கேரேஜ் ஏற்கனவே வலது மார்ஜின்ல முட்டி நிக்குதான்னு பாருங்க, மார்ஜின் ரிலீஸ் கீயை அமுக்கிட்டு முயற்சி பண்ணுங்க. கீ அடிச்சா மட்டும் நகரலைன்னா கேரேஜை இடப்பக்கமா இழுக்குற நாடா அறுந்திருக்கும். நாடா அறுந்த மெஷின்ல கேரேஜ் ரிலீஸ் நெம்புகோலை அமுக்கிட்டுக் கையால தள்ளுனா ரெண்டு பக்கமும் லூசா ஓடும், ஆனா கீ அடிச்சா ஒரே இடத்துல நிக்கும். இது பயப்படுற ரிப்பேர் கிடையாது, மீன் பிடிக்கிற பின்னல் நூல் கட்டியே சரி பண்ணிடுறாங்க, அதனால இதுக்காக ஒரு மெஷினை ஒதுக்கிடாதீங்க, விலையைக் குறைச்சுக் கேளுங்க.

பெட்டியோட தூக்கும்போது ஒரு கை அடியில இருக்கணும். ஒலிம்பியா எஸ்எம், ஸ்மித் கொரோனா மாதிரி மெஷின்ல பெட்டியோட அடித்தட்டுல மெஷின் கிளிப்ல மாட்டி நிக்கும், அந்த கிளிப்பும் கைப்பிடியும் பழசானது, நம்பி வீசி நடக்காதீங்க.

4. ஒரு கீயும் அடிக்காம கண்ணால மட்டும் பாருங்க

இதுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. அடிச்சுப் பார்க்க ஆரம்பிச்சுட்டா அந்த சத்தத்துலயே மனசு போயிடும், அப்புறம் விரிசல் கண்ணுல படாது.

முதல்ல, டைப் பார் (கீயை அடிச்சா எழும்பி வந்து பேப்பர்ல எழுத்தைப் பதிக்கிற கம்பி) எல்லாம் அரைவட்டமா உட்கார்ந்திருக்கிற செக்மெண்ட். டார்ச் அடிச்சு அந்தச் சின்னச் சின்னக் காடிகளைப் பாருங்க. அழுக்கு இருந்தா பரவாயில்ல. செதில் செதிலா துரு இருந்தா, அதுவும் கடலோர ஊர்ல இருந்து வந்த மெஷின்னா, யோசிங்க.

அடுத்தது டைப் பார் நுனியில இருக்கிற எழுத்துத் துண்டு. எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. ஒண்ணு விழுந்திருந்தா அதே எழுத்து வடிவத்துல இன்னொண்ணு தேடிப் பிடிச்சு, சரியான கோணத்துல பற்ற வைக்கணும், அது ஆள் கிடைக்காத வேலை.

அப்புறம் பேப்பர் சுத்திக்கிற கறுப்பு ரோலர். நகத்தால மெதுவா அமுக்குங்க. லேசா இறங்கிக் கொடுத்தா நல்லது. கண்ணாடி மாதிரி வழுக்கிச்சுன்னா ரப்பர் இறுகிடுச்சுன்னு அர்த்தம். நம்ம ஊர் வெயில்ல பரண்ல கிடந்த மெஷின் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இறுகுன ரோலர்ல சத்தம் அதிகம், பேப்பர் வழுக்கும், முற்றுப்புள்ளியும் ஓ எழுத்தும் பேப்பர்ல ஓட்டை போடும். ஹெர்மஸ் 3000ல இந்த ரோலர் பிரச்சனை ரொம்ப சகஜம், அதை வாங்கணும்னு நினைக்கிறவங்க இந்த ஒரு சோதனையை விடவே கூடாது.

ரோலருக்கு அடியில பேப்பரை அழுத்திப் பிடிக்கிற சின்ன ரப்பர் உருளைகள் இருக்கும். ரொம்ப வருஷம் ஒரே இடத்துல அழுந்தி நின்னதால ஒரு பக்கம் தட்டையாகியிருக்கலாம். பேப்பர் ஏத்தும்போது அங்க மட்டும் ஒரு குதி குதிக்கும்.

கடைசியா கீபோர்டு. ஜெர்மனியில வித்த ஒலிம்பியாவுல ஒய்யும் ஸெட்டும் இடம் மாறி இருக்கும். பிரான்ஸ் மெஷின்ல ஏ, ஸெட்ல ஆரம்பிக்கும். இத்தாலிக்காரங்க ஒலிவெட்டியில க்யூவுக்குப் பக்கத்துல ஸெட். கிளாஸ்கோவுல செஞ்ச ஒலிவெட்டியில பவுண்டு குறி இருக்கும், கீ வரிசை நமக்குப் பழகுனதுதான். நிறைய போர்ட்டபிள்ல ஒண்ணாம் நம்பர் கீயே இருக்காது, சின்ன எல் எழுத்தைத்தான் ஒண்ணா அடிக்கணும், ஆச்சரியக்குறிக்கு ஒற்றை மேற்கோள் குறி, பேக் ஸ்பேஸ், முற்றுப்புள்ளி. கீ உடைஞ்சு போச்சுன்னு நினைச்சு விலை பேசாதீங்க, அது அப்படித்தான் செஞ்சது.

சீரியல் நம்பரையும் ஃபோட்டோ எடுத்துக்கங்க. கேரேஜை ஒரு ஓரத்துக்குத் தள்ளுனா அடியில இருக்கும், இல்லேன்னா மெஷினுக்குக் கீழ. டைப்ரைட்டர் டேட்டாபேஸ் தளத்துல நம்பரைப் போட்டா எந்த வருஷம்னு தெரிஞ்சுடும். "1940 மாடல், ரொம்ப அபூர்வம்"னு ஒருத்தர் லெட்டெரா 22 விக்க வந்தா, அந்த மாடலே 1950லதான் வந்ததுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். லெட்டெரா 32 வந்தது 1963, ஹெர்மஸ் 3000 வந்தது 1958.

5. சுத்தம் பண்ணுங்க, அதுக்கப்புறம்தான் சோதனை

உங்க மெஷின்னா இதைப் பண்ணுங்க. கடையில பார்க்குறீங்கன்னா விக்கிறவர்கிட்ட அனுமதி கேளுங்க, பிரஷ் அடிக்கிறதுக்கு யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அனுமதி கிடைக்கலைன்னா இந்தப் படியைத் தாண்டிப் போங்க, ஆனா ஒட்டுற கீயை அந்த மாடலோட குணமா எழுதி வைக்காதீங்க, அழுக்குன்னு தனியா குறிச்சுக்கங்க.

முதல்ல உலர்ந்த பிரஷால தூசி. அழிரப்பர் பொடி கேரேஜ் ஓடுற தண்டவாளத்துலயும் செக்மெண்ட்லயும்தான் போய் சேரும், அதை வெளிய தள்ளுங்க.

அப்புறம் எழுத்துத் துண்டுகள். டைப் பார்களுக்கு அடியில துணியை விரிச்சுட்டு டூத் பிரஷால உங்க பக்கமா இழுத்து இழுத்துத் தேய்ங்க. உள்பக்கமா தள்ளுனா வர்ற மை அழுக்கெல்லாம் செக்மெண்ட்ல போய் விழும், ஒரு வேலை ரெண்டு வேலையாகும். ஈ, ஓ, ஏ எழுத்தோட வயித்துல அடைஞ்சிருக்கிற மை போனாலே பாதி மெஷின் புதுசான மாதிரி அடிக்கும்.

கீ ஒட்டுனா, அதாவது அடிச்ச டைப் பார் திரும்பி விழாம மெதுவா இறங்குனா, செக்மெண்ட் காடியில டர்பென்டைன் நாலஞ்சு சொட்டு விட்டு அந்தக் கீயை அடிச்சுக்கிட்டே இருங்க, துணியால ஒத்தி எடுங்க, திரும்பப் பண்ணுங்க. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது. பெயிண்ட் மேலயும் ரப்பர் மேலயும் படாம பார்த்துக்கங்க.

இந்த இடத்துல எல்லாரும் எண்ணெய் விடத்தான் நினைப்பாங்க. செக்மெண்ட்ல எண்ணெய் விடவே கூடாது, தேங்காய் எண்ணெயும் சரி, தையல் மெஷின் எண்ணெயும் சரி, துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் சரி. விட்டதும் நல்லா ஓடும், சந்தோஷமா இருக்கும். கொஞ்ச நாள்ல தூசி அதோட சேர்ந்து பிசின் ஆகி முன்னைவிட மோசமா ஒட்டும். இன்னைக்கு ஒட்டுற மெஷின்ல பலதும் யாரோ ஒருத்தர் அன்னைக்கு அன்பா எண்ணெய் விட்டதுதான்.

6. ரிப்பன் போட்டு, கலர் நெம்புகோலைப் பாருங்க

ரிப்பனை மாட்டுறதுக்கு முன்னாடி பழைய ரிப்பன் எப்படிப் போகுதுன்னு ஒரு ஃபோட்டோ. எந்தப் பக்கம் சுத்துது, நடுவுல இருக்கிற சின்னப் பிடிக்குள்ள எப்படி நுழையுதுன்னு தெரியணும்.

ஒலிவெட்டி லெட்டெராவுல ரிப்பன் சுத்தியிருக்கிற ஸ்பூலை மேல பிடிச்சு நிக்க வைக்கிற ரெண்டு சின்ன வட்டத் திருகு இருக்கும், அது தொலைஞ்சு போன மெஷின் நிறைய. பழைய ஸ்பூலைத் தூக்கிப் போடும்போது திருகையும் சேர்த்துப் போட்டுடாதீங்க. அதே மாதிரி பழைய ஸ்பூலையும் வச்சுக்கங்க, சில மெஷினுக்கு அதோட சொந்த ஸ்பூல்தான் உட்காரும், புது ரிப்பனை அதுல சுத்திப் போட வேண்டியிருக்கும்.

ஒரு பையன் லெட்டெரா 32 ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான், புது ரிப்பன் போட்டும் எழுத்தே விழலை, மெஷின் போச்சு, திருப்பிக் கொடுக்கணும்னு. பேப்பரைச் சாய்ச்சுப் பார்த்தா எழுத்தெல்லாம் பள்ளமா பதிஞ்சிருக்கு, மை மட்டும் இல்ல. கலர் நெம்புகோல் ஸ்டென்சில் நிலையில இருந்துச்சு. கறுப்பு, சிவப்புக்குப் பக்கத்துல வெள்ளைப் புள்ளியோ நிறமில்லாத புள்ளியோ இருக்கும், அதுல வச்சா ரிப்பன் மேல எழும்பவே எழும்பாது, அந்தக் காலத்துல நகல் எடுக்கிற ஸ்டென்சில் தாளை வெட்டுறதுக்காக வச்சது. கறுப்புக்குத் தள்ளினதும் முதல் எழுத்தே பளிச்சுன்னு விழுந்துச்சு.

ரிப்பன் திரும்புதான்னும் இப்பவே பாருங்க. ஒரு ஸ்பூல்ல இருந்து இன்னொண்ணுக்குக் கையால சுத்தி, முடியப் போற இடத்துல நிறுத்தி, அங்க இருந்து அடிச்சுக்கிட்டே போங்க. பல மெஷின்ல ரிப்பன் நுனிப்பக்கம் இருக்கிற சின்ன உலோக வளையம்தான் திசையை மாத்தி விடும். ரிப்பன்ல வளையம் இல்லேன்னா மெஷின் மேல குத்தம் சொல்லாதீங்க.

7. எல்லா மெஷினையும் ஒரே மேடையில வைங்க

ஒரே மேஜை, ஒரே நாற்காலி, அடியில அதே துண்டு. ரப்பர் கால் தேஞ்ச மெஷினை வெறும் மரப் பலகையில வச்சா மேஜையே தாளம் போடும், அடிக்க அடிக்க நகரும், அதைக் கேட்டுட்டு "இது சத்தம்"னு எழுதிடுவீங்க.

பேப்பர் ரெண்டு தாள் சேர்த்துப் போடுங்க. பின்னாடி இருக்கிற தாள் ரோலரோட இறுக்கத்தைக் கொஞ்சம் ஈடு கட்டும், அப்போ ரோலர் குறையும் மெஷின் குறையும் தனித்தனியாத் தெரியும். கீயோட இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டச் கண்ட்ரோல் இருக்கிற மெஷின்ல அதை நடுவுல வைங்க.

உயரமும் முக்கியம். சாப்பாட்டு மேஜை டைப்ரைட்டருக்கு உயரம் ஜாஸ்தி, டைப்பிங் மேஜை அதைவிட ஒரு சாண் இல்லேன்னாலும் நாலு விரக்கடையாவது தாழ்வா இருக்கும். உயரமான மேஜையில கனமான பெரிய போர்ட்டபிள் வச்சா தோள்பட்டை தூக்கிக்கும், தட்டையான லெட்டெரா 22, ஹெர்மஸ் பேபிக்கு அந்த அளவு தெரியாது. மேஜையால வந்த வலியை மெஷின் கணக்குல எழுதாம இருக்க, நாற்காலியில ஒரு தலையணை போட்டுக்கங்க.

8. அடிச்சுப் பார்க்குற தாள்

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாள், மேல மெஷின் பேரு, சீரியல் நம்பர், தேதி. எல்லாத்துலயும் இதே வரிசையில அடிங்க.

முதல் வரி: சின்ன என் எழுத்து, மார்ஜின்ல இருந்து மார்ஜின் வரைக்கும் முழு வரி. இதுதான் முக்கியமான வரி. கேரேஜை இழுக்குற ஸ்பிரிங்குக்கு வரி ஆரம்பத்துல முறுக்கு அதிகம், வரி முடியும்போது குறைவு. அதனால ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ தண்டவாளத்துல அழுக்கு இருந்தாலோ வரியோட கடைசியிலதான் எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். விக்கிறவங்க காட்டுறது எப்பவும் வரி ஆரம்பத்துல நாலு எழுத்து. ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா ஒரு முழு வரி அடிக்கிற வீடியோ கேளுங்க, நாலு ஃபோட்டோவைவிட அது மேல்.

ரெண்டாவது வரி: பெரிய எச், சின்ன எச், பெரிய எச், சின்ன எச்னு மாத்தி மாத்தி. அடிப்பக்கம் ஒரே கோட்டுல நிக்கணும். பெரிய எழுத்து மேலயோ கீழயோ போனா உடனே மெஷினைக் குத்தம் சொல்லாம, ஷிஃப்ட் லாக் போட்டுட்டு அதே பெரிய எச்சை அடிச்சுப் பாருங்க. லாக்ல நேரா வந்து, விரலால பிடிச்சா மட்டும் கோணுச்சுன்னா சுண்டு விரல் முழுசா அமுக்கலை. லாக்லயும் கோணலா வந்தா அளவு மாறியிருக்கு, மெக்கானிக் வேலை.

மூணாவது: ஆங்கில எழுத்து இருபத்தாறும் சின்னதுல ஒரு தடவை, பெருசுல ஒரு தடவை, நம்பர், குறிகள். ஒவ்வொரு எழுத்தும் மேல, கீழ, இடம், வலம்னு நாலு பக்கமும் ஒரே கறுப்பா இருக்கான்னு பாருங்க. எல்லா எழுத்துக்கும் கீழ்ப்பாதி மங்கலா இருந்தா மொத்த அளவு மாறியிருக்கு. ஒரே ஒரு எழுத்து மட்டும் சாஞ்சிருந்தா அந்த டைப் பார் மட்டும் வளைஞ்சிருக்கு, அதோட வாழலாம்.

நாலாவது: உங்களுக்கு மனப்பாடமா வர்ற ஒரு பத்தி, உங்க வழக்கமான வேகத்துல. நடுவுல தேவையில்லாம இடம் விழுதா, எழுத்துக்குப் பக்கத்துல நிழல் விழுதான்னு கவனிங்க.

அஞ்சாவது: பேப்பரோட கடைசி ரெண்டு இன்ச் வரைக்கும் வரி வரியா இறங்குங்க. அடி ஓரம் வரும்போதுதான் பேப்பர் வழுக்கும், அப்போ வரி இடைவெளி நெருங்கும். உருளை தட்டையானது, ரோலர் இறுகுனது எல்லாம் இங்க வெளிய வந்துடும்.

பெல், மார்ஜின், பேக் ஸ்பேஸ், டேப் (குறிச்ச இடத்துக்குக் கேரேஜை ஒரே தாவா கொண்டு போற வசதி), வரி இடைவெளி எல்லாம் போற போக்குல பார்த்துடலாம். ஸ்கேல் வச்சு ஒரு இன்ச்சுக்கு எத்தனை எழுத்துன்னு எண்ணுங்க: 10 வந்தா பைக்கா, 12 வந்தா எலைட். ஐரோப்பா மெஷின்ல கணக்கு மில்லிமீட்டர்ல இருக்கும், கொஞ்சம் முன்ன பின்ன வரலாம். கண் கொஞ்சம் மங்குனவங்களுக்கு பைக்கா நல்லது, ஒரு பக்கத்துல நிறைய அடக்கணும்னா எலைட்.

9. ஷிஃப்ட் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க

மாடலுக்கு மாடல் நிஜமா வித்தியாசம் தெரியுற இடம் இதுதான். ஷிஃப்டை அமுக்கிட்டு என்ன நகருதுன்னு பாருங்க. கேரேஜே மேல எழும்புனா கேரேஜ் ஷிஃப்ட். கேரேஜ் அசையாம டைப் பார் கூடை மட்டும் கீழ இறங்குனா கூடை ஷிஃப்ட்.

ஒலிம்பியா எஸ்எம்3 கேரேஜ் ஷிஃப்ட். அந்தக் கனமான கேரேஜை ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் சுண்டு விரல் தூக்கணும். எழுத்து பதியுற அழகுல அதுக்கு நிகரான போர்ட்டபிள் குறைவுன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா சுண்டு விரல் வலி இருக்கிறவங்களுக்கு அது சரிப்படாது. 1964ல வந்த எஸ்எம்9ல கூடை ஷிஃப்ட் ஆக்கிட்டாங்க. ஹெர்மஸ் பேபியும் கேரேஜ் ஷிஃப்ட்தான், கேரேஜ் சின்னது, அதனால தாங்கும். லெட்டெரா 22, 32, ஹெர்மஸ் 3000, ஐம்பதுகள்ல வந்த ஸ்மித் கொரோனா சைலண்ட் சூப்பர் எல்லாம் கூடை.

ஒரு பத்தி முழுசும் பேர்களா, ஊர்ப் பேர்களா போட்டு அடிச்சுப் பாருங்க. பெரிய எழுத்து நிறைய வந்தாத்தான் விரலுக்குத் தெரியும்.

10. கை உணர்வு – கடைசியில, ரெண்டு தடவை

இன்ஸ்டிட்யூட்ல ரெமிங்டன், ஹால்டா, ஃபாசிட் மாதிரி பெரிய மெஷின்ல லோயர், ஹையர் பாஸ் பண்ணவங்க போர்ட்டபிள்ல உட்கார்ந்தா முதல் பத்து நிமிஷம் எல்லா மெஷினும் மோசமாத்தான் தெரியும். கை பழகினது கனமான அடிக்கு. போர்ட்டபிள்ல டைப் பார் சின்னது, பயணம் குறைவு, அதே பலத்துல அதே வேகத்துல அடிச்சா ரெண்டு மூணு டைப் பார் மேல போய் பின்னிக்கும். மெஷின் பின்னுதுன்னு தள்ளி வைக்காம, விரலைத் தட்டிட்டு உடனே எடுக்குற மாதிரி ஒரு பக்கம் அடிச்சு ஓட்டிட்டு அப்புறம் மதிப்பெண் போடுங்க.

கம்ப்யூட்டர்ல மட்டும் பழகினவங்களுக்கு நேர் எதிர். அமுக்குவாங்க, அடிக்க மாட்டாங்க. எழுத்து பாதி பதியும்.

முதல்ல ஏ மெஷின், அப்புறம் பி மெஷின், ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம். டீ குடிச்சுட்டு, இப்போ பி முதல்ல, ஏ அப்புறம். ரெண்டாவதா அடிக்கிற மெஷினுக்குக் கை சூடாகியிருக்கும், அதுவே நல்லாத் தெரியும், அதனாலதான் வரிசையை மாத்தணும். ரெண்டு தடவையும் ஒரே மெஷின் ஜெயிச்சா அது உங்க கைக்கு ஏத்தது. மாறி மாறி வந்தா கை உணர்வுல ரெண்டும் சமம், விலையைப் பாருங்க.

11. குறைகளை மூணு கட்டமாப் பிரிங்க

சும்மா போகுறது: அழுக்கு, காஞ்ச ரிப்பன், ஒட்டுற கீ, மார்ஜின் தப்பா இருக்கிறது.

காசு கொடுத்தா போகுறது: அறுந்த நாடா, எழுத்து மட்டம், இறுகுன ரோலர். ரோலரை அச்சு மெஷின் ரோலருக்கு ரப்பர் போடுறவங்ககிட்ட கொடுத்துப் புதுசா போடலாம், ஆனா பழைய விட்டம் அப்படியே வரணும்னு எழுதிக் கொடுங்க. விட்டம் மாறுனா வரி இடைவெளியும் மாறும், எழுத்து பேப்பரைத் தொடுற தூரமும் மாறும்.

போகாதது: விரிசல் விட்ட வார்ப்பு உடம்பு, வளைஞ்ச கேரேஜ் தண்டவாளம், தொலைஞ்ச எழுத்துத் துண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் கேரேஜை நகர்த்துற பல் சக்கரத்துல உடைஞ்ச பல்.

மூணாவது கட்டத்துல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க, உதிரி பாகத்துக்காக வாங்குனாத் தவிர. மத்த மெஷினுக்குக் கேக்குற விலையோட ரிப்பேர் செலவைக் கூட்டி எழுதுங்க. அந்தக் கூட்டுத் தொகைதான் விலை.

12. இப்போ மாடல்

வெளி உடம்பு மாறி உள்ள ஒண்ணா இருக்கிற மெஷின் நிறைய. 1969ல வந்த சிவப்பு ஒலிவெட்டி வாலெண்டைனுக்கு உள்ள இருக்கிறது பெரும்பாலும் லெட்டெரா 32 தான். அழகுக்காக வாங்குறீங்கன்னா தாராளமா வாங்குங்க, அந்த டிசைன் அதுக்குத் தகுந்ததுதான். அடிக்கிறதுக்குன்னா லெட்டெரா 32 வாங்கி மிச்சக் காசுல ரோலருக்கு ரப்பர் போடுங்க. ஹெர்மஸ் ராக்கெட்னு பார்த்தா அது ஹெர்மஸ் பேபியோட இன்னொரு பேருதான்.

பயணத்துக்கு என் ஓட்டு லெட்டெரா 22 அல்லது 32. ஹெர்மஸ் பேபி இன்னும் மெல்லிசு, ஆனா டேப் வசதி பெரும்பாலும் இருக்காது, நீண்ட வேலைக்கு நெருக்கமா இருக்கும். தினமும் மேஜையில உட்கார்ந்து அடிக்கிறவங்களுக்கு எஸ்எம்9. ஹெர்மஸ் 3000ல மார்ஜின் எங்க இருக்குன்னு முன்னாடியே சிவப்புப் பட்டையாத் தெரியும், அட்டவணை, கவிதைன்னு மார்ஜினை அடிக்கடி மாத்துறவங்களுக்கு அது பெரிய சௌகரியம், ரோலர் நல்லா இருந்தா மட்டும்.

தமிழ் கீபோர்டு போர்ட்டபிள் கிடைச்சா சோதனைத் தாள்ல ஒரு வரி கூடுதல். புள்ளி மாதிரி சில கீ அடிச்சா கேரேஜ் நகரக் கூடாது, அதுக்கு மேலதான் அடுத்த எழுத்து வந்து உட்காரணும். புள்ளியை முதல்ல அடிச்சு, அப்புறம் க, ச, ட, த, ப, றன்னு ஒவ்வொண்ணா அடிங்க. புள்ளி எழுத்துக்கு நடு மேல நிக்கணும். நகரக் கூடாத கீ நகர்ந்துச்சுன்னா அந்த மெஷின்ல தமிழ் அடிக்க முடியாது, ஆங்கில மெஷின்ல இது பார்க்கவே வேண்டாத விஷயங்கிறதால பழகினவங்களே விட்டுடுறாங்க.

13. வாங்கி ஒரு வாரம் கழிச்சு

சோதனைத் தாளைத் தூக்கிப் போடாதீங்க, பெட்டிக்குள்ளயே வைங்க. ஒரு வாரம் அடிச்ச பிறகு அதே அஞ்சு வரியைப் புதுத் தாள்ல அடிச்சு பழசுக்குப் பக்கத்துல வைங்க. டர்பென்டைன் போட்டு சுத்தம் பண்ண செக்மெண்ட்ல கரைஞ்ச அழுக்கு கீழ இறங்கித் திரும்பப் படியும், அதனால முதல் நாள் நல்லா ஓடுன ரெண்டு மூணு கீ மறுபடி ஒட்டும். அப்படி ஒட்டுனா மெஷினைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீங்க, அஞ்சாவது படியை இன்னொரு தடவை பண்ணுங்க. ரெண்டாவது சுத்தத்துக்கு அப்புறமும் அதே கீ ஒட்டுனா அந்த டைப் பார் பக்கத்துல இருக்கிறதோட உரசுது, அப்பதான் மெக்கானிக்கைக் கூப்பிடணும், ரெண்டு தாளையும் அவர்கிட்ட காட்டுங்க.